அச்சமும் அன்பும்

மக்கள் உள்ளத்தெழும் உணர்ச்சிகள் மெய்யின்கண் வெளிப்படுமாற்றை எட்டு வகையாகப் பகுத்து, அவற்றை மெய்ப்பாடு என வழங்கினர் நம் முன்னோர். அவ்வெட்டனுள் அச்சமும் ஒன்று. அது பிறக்குங் களன்கள் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்காம் என்பது தொல்காப்பியர் கருத்து. அணங்காவது பேயும் பூதமும் போல்வது. விலங்காவது புலியும் அரிமாவும் போல்வது. கள்வராவார் தீத்தொழில் புரிவோர். இறை என்னுஞ் சொல்லுக்கு அரசர் என்பதனோடு அமையாது, தந்தையரையும் ஆசிரியரையும் உடன்சேர்த்துப் பொருள் காண்பர் உரையாசிரியர். இந் நான்காவது களனை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு படிப்போரை வேண்டுகின்றோம். யாம் கூறப் புகுந்த பொருளுக்கு அதுவே திறவுகோலாகும்.

அஞ்சத்தக்கதைக் கண்டு விலகியோடுதல் உயிர்கட்கு இயல்பு. ஆயினும், காசு கொடுத்து அச்சத்தை வாங்கி மகிழும் வழக்கம், திரைப்படம் தோன்றிய காலந்தொட்டு உலகெங்கும் பரவியிருக்கின்றது. அங்ஙனம் எழுந்த படங்களை நோக்குங்கால், அவை பெரும்பாலும் முதல் மூன்று களன்களைக் கடந்து செல்லாமை புலனாகும். 1931-ஆம் ஆண்டில் வெளிவந்த 'டிராகுலா' அணங்கைப் பற்றியது. 1941-இல் வந்த 'ஓநாய் மனிதன்' விலங்கைப் பற்றியது. 1960-இல் ஹிச்சாக் என்பார் அளித்த 'சைக்கோ' கொலைஞனைப் பற்றியது. இத்தகைய படங்களைப் பலகாலுங் கண்டு பழகிய ஒருவர்க்கு அவற்றின் உத்திகள் யாவும் மனப்பாடமாகிவிடும். இசை சட்டென நின்றால் அடுத்து நிகழ்வது யாதென அவர் அறிவர். பூட்டிய கதவு எப்பொழுது திறக்கும், கண்ணாடியில் யார் முகம் தோன்றும் என்பனவற்றை அவர் முன்னரே கூறிவிடுவர். அச்சத்தை நாடிச் சென்று, அச்சமின்றியே மீளுதல் அவர்க்கு வாய்த்த இடர். யாமும் அவ்வினத்தைச் சேர்ந்தோமே. அவ்வாறு பழகிய எம்மையும் வியப்பில் ஆழ்த்திய படம் ஒன்றுண்டு. அது 1944-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'தி கர்ஸ் ஆப் தி கேட் பீப்பிள்' என்பதாம். தமிழில் 'பூனை மாந்தரின் சாபம்' எனலாம். அப்படம் எம்மை எங்ஙனம் வியப்பித்தது என்பதையும், அவ்வியப்பினால் யாம் தெளிந்த உண்மை இஃதென்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அப்படம் பிறந்த வரலாறு சுவையுடையது. ஹாலிவுட்டிலிருந்த ஆர்.கே.ஓ. என்னும் நிறுவனம் 1942-ஆம் ஆண்டளவிற் பொருள் முட்டுப்பாட்டில் இருந்தது. ஆர்சன் வெல்ஸ் என்பார் அந் நிறுவனத்துக்கு இயற்றித் தந்த 'சிட்டிசன் கேன்' (1941) பெரும்புகழை ஈட்டியதேயன்றிப் பெரும்பொருளை ஈட்டவில்லை. ஆகவே, குறைந்த செலவிற் பேய்ப்படங்களை எடுத்து விரைவிற் பொருள் காண விரும்பிய மேலாளர், வால் லூட்டன் என்பாரை அப்பணிக்கு அமர்த்தினர். இவர் 1904-இல், கருங்கடற் கரையிலுள்ள யால்டா நகரிற் பிறந்து, இளமையிலேயே அமெரிக்காவிற் குடியேறியவர், நூல் பல கற்றவர், நாவல்களும் எழுதியவர். அவர்க்கு விதிக்கப்பட்ட கட்டளைகள் மூன்று. படமொன்றின் செலவு 1,50,000 டாலரைக் கடத்தலாகாது. படம் ஓடும் நேரம் 75 நிமிடத்தை மிகலாகாது. படத்தின் பெயரை நிறுவனமே கொடுக்கும், அப்பெயர்க்கேற்பக் கதை அமைத்துக்கொள்ளுதல் அவர் கடன்.

முதலிற் கொடுக்கப்பட்ட பெயர் 'கேட் பீப்பிள்' என்பது. ஜாக் டூர்னர் இயக்கிய அப்படம் 1942-இல் வெளிவந்தது. செர்பியா நாட்டினின்றும் போந்து நியூயார்க் நகரில் தனித்து வாழும் ஐரீனா என்னும் ஓவியப் பெண்ணே அதன் தலைவி. காதலோ பொறாமையோ தன்னுள் மிகுமாயின் தான் சிறுத்தையாக மாறிவிடுதல் திண்ணம் என அவள் நம்புகிறாள். அதனால் தன்னை மணந்த ஆலிவர் என்பானையும் அணுக அஞ்சுகிறாள். அவனோ, நாளடைவில், தன்னோடு அலுவல் பார்க்கும் ஆலிஸ் என்பாளிடம் மனஞ் செலுத்துகிறான். இக்கதையில் விலங்கினை வெளிப்படக் காட்டுதற்கு லூட்டன் விரும்பவில்லை. இருளையும் நிழலையும் ஓசையையுமே காட்டினார். இரவில் ஆலிஸ் தனியே நடந்து செல்ல, அவள் பின்னே ஐரீனாவின் காலடியோசை தொடர்கின்றது. அவ்வோசை திடீரென நின்றுவிடுகின்றது. விலங்கு பாய்ந்துவிட்டதோ என நாம் துணுக்குறும் அந்நொடியில், பெருஞ்சீற்றத்தோடு ஒரு பஸ் வந்து நிற்கின்றது. பின்வந்த பேய்ப்படங்கள் பலவும் இவ்வுத்தியைக் கடன்கொண்டன. மற்றோரிடத்தில், ஆலிவரும் ஆலிஸும் இரவு நேரத்தில் அலுவலகத்தில் விலங்கின் முன் அகப்பட்டபொழுது, ஆலிவர் படம் வரைதற்குரிய பெரிய கோல் ஒன்றைச் சிலுவை போல உயர்த்திப் பிடித்து, கடவுளின் பெயரால் தங்களை விட்டகலுமாறு வேண்டுகிறான், விலங்கும் அகலுகின்றது. முடிவில் ஐரீனா மாள்கிறாள். படம் பெரும்பொருள் ஈட்டிற்று. 1993-இல் அமெரிக்க நாட்டின் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் இடம்பெற்றது.

பொருள் ஈட்டியதற்குத் தொடர்ச்சி வேண்டுமெனக் கேட்டல் வணிகர் இயல்பன்றோ? 'பூனை மாந்தரின் சாபம்' என்னும் பெயரை லூட்டன் கையிற் கொடுத்து, மற்றொரு படத்தை ஆக்குமாறு பணித்தது நிறுவனம். 'ஏமியும் அவள் தோழியும்' எனப் பெயரை மாற்றிக்கொள்ள லூட்டன் விரும்பினர், நிறுவனம் இணங்கவில்லை. குந்தர் வான் பிரிட்ஷ் என்பார் இயக்கத் தொடங்கினர். குறித்த நாளுக்குள் வேலை முடியாமையால், இடையிலே ராபர்ட் வைஸ் என்பார் பொறுப்பேற்று முடித்தனர். 'சிட்டிசன் கேன்' படத்தைத் தொகுத்தவரும், பின்னாளில் 'தி சவுண்ட் ஆப் மியூசிக்' (1965) படத்தை அளித்தவரும் இவ் வைஸே. பழைய பூனைப்பெண் மீண்டு வருகிறாள் என விளம்பரங்கள் பறைசாற்றின. அவற்றை நம்பி, நகமும் பல்லுங் காண அரங்கினுட் புகுந்தோர் கண்டது முற்றிலும் வேறு.

ஐரீனா இறந்து சில ஆண்டுகட்குப் பின் இக்கதை தொடங்குகின்றது. ஆலிவரும் ஆலிஸும் மணந்துகொண்டு, நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த டாரிடவுன் என்னும் ஊரில் வாழ்கின்றனர். தலையில்லாக் குதிரைவீரனைப் பற்றி வாஷிங்டன் இர்விங் எழுதிய கதைக்கு நிலைக்களனாகிய பள்ளத்தாக்கு அவ்வூரை அடுத்துள்ளது. அவர்கட்கு ஆறு வயது நிரம்பிய ஏமி என்னும் ஒரே மகள். அவள் பிற குழந்தைகளோடு கலவாது, தனக்குத் தானே கதை கூறித் திரிபவள். முதல் மனைவியின் மருட்சி இவளையும் பற்றிக்கொள்ளுமோ எனத் தந்தை அஞ்சுகிறான். பிறந்தநாள் விழாவுக்குக் குழந்தைகளை அழைக்கின்றனர், ஒருவரும் வரவில்லை. ஏன்? அழைப்பிதழ்களை ஏமி தோட்டத்து மரப்பொந்தில் இட்டுவிட்டாள். அம்மரம் மந்திர அஞ்சற்பெட்டி என்று முன்னொருநாள் அவளுக்குச் சொன்னவர் யார்? அவள் தந்தையே. விளையாட்டாகச் சொன்னதைத் தந்தை மறந்தான், குழந்தை மறக்கவில்லை. அழைப்புப் பெறாத குழந்தைகள் சினந்து, அவளைத் தம்மோடு சேர்க்க மறுக்கின்றனர்.

தனித்து நின்ற ஏமிக்கு, ஒரு பழைய மாளிகையின் பலகணியினின்றும் மோதிரம் ஒன்று கிடைக்கின்றது. வேண்டியதைத் தரும் மோதிரம் அஃது என்று கேட்டறிந்த அவள், தனக்கு ஒரு தோழி வேண்டுமென்று கேட்கிறாள். தோழி வருகிறாள்! முதலில் உருவம் இல்லை, தோட்டத்தில் ஒளி மாறுகின்றது, இலைகளின் நிழல் அசைகின்றது, அவ்வளவே. பின்னர் ஏமி, தந்தை வைத்திருந்த படங்களிடையே ஐரீனாவின் நிழற்படத்தைக் காண்கிறாள். அதன்பின் ஐரீனாவே அவள்முன் தோன்றுகிறாள்.

பேய்ப்படங் கண்டு பழகியோர் நிமிர்ந்து உட்காரும் இடம் இதுவே. இறந்துபோன முதல் மனைவி, தன் இடத்தைக் கவர்ந்தவளின் குழந்தையிடம் வந்திருக்கிறாள். இனி நிகழ்வது பழிவாங்குதலன்றிப் பிறிதென்ன? யாமும் அதனையே எதிர்நோக்கினோம். ஐரீனா சிரிக்கும்பொழுது பற்களை நோக்கினோம். கைநீட்டும்பொழுது விரல்களை நோக்கினோம். ஒன்றும் நிகழவில்லை. அவள் குழந்தையோடு விளையாடுகிறாள். எண்களைக் கதையாக்கிக் கற்பிக்கிறாள். இரவில் அருகிருந்து உறங்கச் செய்கிறாள். வீடு, பள்ளி, தெரு ஆகிய இடங்களில் ஏமி பெறாத நட்பை, யாவரும் அஞ்சிய அப்பெண் ஒருத்தியே கொடுக்கிறாள்.

கிறிஸ்து பிறப்பு விழாவின் இரவு இப்படத்தில் மறக்கவொண்ணாத பகுதி. வீட்டினுள்ளே விளக்கொளியில் ஊரார் கூடி ஆங்கிலக் கீதம் பாடுகின்றனர். வெளியே பனி மூடிய தோட்டத்தில் தனியே நின்று, அதே பிறப்பைப் பற்றிய பிரெஞ்சுக் கீதம் ஒன்றை ஐரீனா பாடுகிறாள். இருபாட்டும் ஒன்றோடொன்று கலக்கின்றன. உள்ளிருப்போர் ஒருவர் செவியிலும் வெளியிலெழும் பாட்டு விழவில்லை. குழந்தை மட்டும் கேட்கிறாள். தோழிக்கென வைத்திருந்த பரிசை எடுத்துக்கொண்டு பனியிற் செல்கிறாள். முதற்படத்திற் சிலுவையைக் காட்டி விலக்கப்பட்டவள், இப்படத்தில் மீட்பர் பிறந்த பாட்டைப் பாடிக்கொண்டு வாயிலின் புறத்தே நிற்கிறாள். சத்திரத்தில் இடமின்றிப் பிறந்தவரின் விழாவிலும், வெளியே நிற்பார் ஒருவர் உளர் என்பதை இதனினும் அமைதியாகக் கூறமுடியுமோ? யாமறிந்த பேய்ப்படங்களுள் இதனையொத்த காட்சி பிறிதொன்றில்லை.

அங்ஙனமாயின், இப்படத்தில் அச்சம் இல்லையோ எனின், உண்டு, மிகுதியாக உண்டு. அது பேயினிடத்து இல்லை என்பதே வியப்பு. மோதிரம் விழுந்த மாளிகையில், முன்னாளில் நடிகையாயிருந்த பாரன் அம்மையார் என்னும் மூதாட்டி தம் மகள் பார்பராவோடு வாழ்கிறார். பார்பரா அல்லும் பகலும் தாய்க்குப் பணிவிடை செய்கிறாள். தாயோ, அவளைத் தம் மகள் என ஒப்புவதில்லை. தம் மகள் ஆறு வயதிலேயே இறந்துவிட்டாள் என்றும், இவள் யாரோ ஒருத்தி என்றும் அவள் முகத்துக்கு நேரே கூறுகிறார். விழா நாளில் ஏமி கொண்டுவந்த சிறு பரிசைத் தாய் போற்றுகிறார்; மகள் கொடுத்த பரிசோ பிரிக்கப்படாமலே கிடக்கின்றது. பெற்ற தாய் தன்னை அறியேன் என்று சொல்லக் கேட்டு நிற்கும் அம்மகளின் முகத்தைக் கண்டபொழுது எமக்குண்டான நடுக்கம், டிராகுலாவின் பற்களைக் கண்டும் உண்டானதில்லை. அக்குழந்தை மீண்டும் இங்கு வருமாயின் கொன்றுவிடுவேன் என்று பார்பரா கூறும்பொழுது, அவள் கொடியவள் என்று தோன்றவில்லை. அன்பு கிடையாது வறண்ட உள்ளம் எதனையுஞ் செய்யும் என்றே தோன்றியது.

இனி, ஏமியின் வீட்டை நோக்குவோம். தோட்டத்தில் தோழியைக் காண்கிறேன் என்று ஏமி தந்தையிடம் கூறுகிறாள். அங்கு ஒருவரும் இல்லை என்று சொல்லுமாறு தந்தை வற்புறுத்துகிறான். தான் காண்பதைக் காணேன் என்று சொல்ல அவளாற் கூடவில்லை. அதற்காகத் தந்தை அவளை மாடிக்கு அழைத்துச் சென்று அடிக்கிறான். அடிக்கும் காட்சி திரையிற் காட்டப்படவில்லை. லூட்டன் முதற்படத்தில் விலங்கை எவ்வாறு மறைத்தாரோ, அவ்வாறே இப்படத்தில் தந்தையின் கையை மறைத்துவிட்டார். இவ்வொற்றுமையைக் கண்டபொழுதே தொல்காப்பியர் வகுத்த நான்காவது களன் எம் நினைவுக்கு வந்தது. அணங்கும் விலங்கும் வரும் என்று எம்மை அழைத்துச் சென்ற படம், இறையால் வரும் அச்சத்தை எம்முன் நிறுத்திற்று. ஆலிவர் கொடியவன் அல்லன். மகளை உயிரினும் மேலாகக் கருதுபவன். அன்புடையவனே அஞ்சப்படுபவன் ஆதலும், நலங்கருதியே நம்ப மறுத்தலும் எத்துணை இல்லங்களில் நாளும் நிகழ்கின்றன! பேயை அரங்கிலேயே விட்டு வந்துவிடலாம். இவ்வச்சமோ வீட்டிலிருந்தே பிறப்பது.

அடியுண்ட ஏமியிடம் ஐரீனா விடைபெற்றுக்கொள்கிறாள். அவளைத் தேடி ஏமி பனிப்புயலில் வீட்டை விட்டு ஓடுகிறாள். பாலத்தின்மேல் குளம்படியோசை போன்ற ஓசை அணுகுகின்றது. தலையில்லாக் குதிரைவீரனோ என அவள் நடுங்க, சக்கரத்திற் சங்கிலி கட்டிய மோட்டார் வண்டி ஒன்று கடந்து செல்கின்றது. பழைய பஸ் உத்தியை லூட்டன் மறக்கவில்லை. ஆயின், இம்முறை நாம் நமக்காக அஞ்சவில்லை, குழந்தைக்காக அஞ்சுகிறோம். அவள் பாரன் மாளிகையை அடைகிறாள். மகளுக்கு அஞ்சி அவளை மறைத்துவைக்க முயலும் மூதாட்டி, படிக்கட்டிலே உயிர் துறக்கிறார். பார்பரா வருகிறாள்; இறுதியிலும் தாயின் அன்பைத் தன்னிடமிருந்து கவர்ந்தவளாகக் குழந்தையைக் காண்கிறாள். ஓட வழியில்லை. அந்நிலையில் ஏமியின் கண்ணுக்குப் பார்பராவின் உருவத்தில் ஐரீனா தோன்றுகிறாள். தோழி என்று அழைத்துக்கொண்டே குழந்தை அவளிடஞ் சென்று தழுவிக்கொள்கிறாள். நெரிக்க எழுந்த கைகள் தளர்கின்றன. தன் வாழ்நாளில் தன்னை ஒருவர் அன்போடு அழைத்தது அன்றே என்பது போல அப்பெண் நிற்கும் நிலையைச் சொல்லால் விளக்கவியலாது.

இப்படத்தைக் குறைகூறுவோர் இருதிறத்தார். பேய்ப்பட அன்பர் சிலர், இதில் அச்சமே இல்லை, பெயரைக் காட்டி ஏமாற்றினர் என்பர். பெயர் பொருந்தவில்லை என்பதை யாமும் மறுக்கவில்லை. பூனை என்பது மரக்கிளையிலும் சுவரிற் தொங்கும் ஓவியத்திலுமே உண்டு. ஆனால், ஒருவகைப் படங்களில் ஈடுபட்டோர், முன் கண்டதையே மீண்டும் கண்டு அமைதல் அவ்வகைக்குச் செய்யும் நன்மையாகாது. திடுக்கிடச் செய்தல் எளிது. கதவைச் சாத்தினாலும் போதும். நாம் எதற்கு அஞ்ச வேண்டும் என்பதையே மாற்றிவிடுதல் அரிது. அவ்வரிய செயலை 70 நிமிடத்தில் செய்து முடித்தது இப்படம்.

மற்றொரு திறத்தார், பேய்க்கதைகள் விசுவாசிகட்குத் தகாதன என்னும் நம் நண்பர். அவர் கவலை மதிக்கத்தக்கதே. ஆயினும் ஒன்று நினைவூட்டுவோம். இரவிற் கடலின்மேல் நடந்து வந்த ஆண்டவரைக் கண்ட சீடர், பேயென்று எண்ணி அலறினர் எனச் சுவிசேஷம் உரைக்கின்றது. அவர்கள் அஞ்சியது தம்மைக் காக்க வந்த நண்பரையே. அன்பு நிறைவுறும் இடத்தில் அச்சத்துக்கு இடமில்லை என்பது அப்போஸ்தலராகிய யோவானின் போதனை. பேயை வணங்கச் சொல்லும் கதையன்று இது. ஐரீனா ஆவியோ, குழந்தையின் உள்ளம் படைத்த உருவோ என்பதைக்கூடப் படம் முடிவுகட்டிக் கூறவில்லை. அச்சத்தை வெல்வது எது என்பதை மட்டும் ஐயமறக் கூறுகின்றது.

படத்தின் முடிவைப் பற்றியும் ஒரு சொல். மகளை வீட்டுக்கு அழைத்து வந்த ஆலிவர், தோழி இன்னும் தோட்டத்தில் இருக்கிறாளா என்று கேட்கிறான். ஆம் என்கிறாள் ஏமி. தானும் காண்பதாகத் தந்தை கூறுகிறான். அப்பொழுது அவன் கண்கள் தோட்டத்தை நோக்கவில்லை. இது பொய்யன்றோ என்று கேட்பார் உளர். பேயைக் கண்டதாக அவன் சொன்னான் எனக் கொள்ளின் பொய்யே. எம் துணிபு அஃதன்று. நீ காண்பதை நான் மறுக்கமாட்டேன், நீ இருக்கும் இடத்துக்கு நான் வருகிறேன் என்பதே அவன் சொல்லின் பொருள். அவன் கண்டது தன் மகளை, அதுவரையிற் கண்டிலன். இம் மனமாற்றம் சற்று விரைவில் நிகழ்ந்துவிடுவதும், பள்ளி ஆசிரியை தந்தைக்கு உரைக்கும் அறிவுரை பாடம் போல ஒலிப்பதும் குறைகளே. ஆயினும் இவை படத்தின் பயனைக் கெடுக்கவில்லை.

நம் கல்லூரியிற் பயில்வோருட் பலர் நாளை ஆசிரியராவர். பெரும்பாலோர் தந்தையரும் தாயருமாவர். அஃதாவது, உரையாசிரியர் கூறிய அந் நான்காவது களனில் நாமே நிற்கப்போகின்றோம். சிறுவர் அணங்குக்கு அஞ்சுவதும் விலங்குக்கு அஞ்சுவதும் வளர வளர நீங்கும். நமக்கு அஞ்சி அவர் உண்மையை மறைக்கக் கற்றுக்கொள்வராயின், அவ்வச்சம் நீங்குதல் அரிது. சிறுவன் ஒருவன் நம்மிடம் வந்து நம்பத்தகாதது ஒன்றைக் கூறுங்கால், அதனை மறுப்பதற்கு முன், அவன் ஏன் அதனைக் கண்டான் என்று ஒருகணம் வினவுவோமாக. மரப்பொந்தை அஞ்சற்பெட்டி என்று அவனுக்கு முன்னரே சொல்லி, பின் மறந்தவர் நாமாகவும் இருத்தல் கூடும்.